இருபத்து மூன்று பெட்டி ஐஸ்

மட்சாராத் துறைமுகத்தில் என் வேலை ஐஸ் விற்பது.
வாள்மீனுக்கு இவ்வளவு, இறாலுக்கு இவ்வளவு,
கடனுக்குக் கேட்பவனுக்கு இவ்வளவு.
ஓடுகிற மனிதனுக்கு எவ்வளவு என்று
யாரும் கேட்டதில்லை
அந்த ஜூன் ஞாயிறுவரை.

நகராட்சிப் பையன் காகிதம் பார்த்துச் சொன்னான்:
பத்துப் பெட்டி போதும், சிஞ்ஞோரா கலோஜெரா.
நான் கொடியைப் பார்த்தேன்.
நேற்றுப் போட்ட துணி இன்னும் காயவில்லை.
ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி
சிரோக்கோ இறங்கியிருந்தது.
வெயிலென்றால் நிழலில் ஒதுங்கலாம்.
இது புழுக்கம்,
நிழலுக்குள்ளும் கூடவே வந்து உட்காரும்.
இருபத்து மூன்று ஏற்றினேன்.
கூடுதலுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
பிறகு வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதரைக்குத் துப்பாக்கி வெடித்தது.
புறாக்கள்கூடப் பறக்கச் சோம்பின.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
இருபத்தோரு கிலோமீட்டர்,
முன்வரிசையில் ரொட்டிக்கடை ரோசோலினோவின் மகன் நுன்சியோ.
பிப்ரவரியில் இதே தூரத்தை
ஒரு மணி பதினோரு நிமிடத்தில் முடித்தவன்.
அதே கால், அதே காலணி,
அதே கடிகாரம்.
கடிகாரத்துக்கு மாதம் தெரியாது.
மூன்று இருபத்திரண்டு, மூன்று இருபத்திரண்டு என்று
மணிக்கட்டில் பிப்ரவரியையே
சொல்லிக்கொண்டிருந்தது.

கூடாரத்தில் நான் ஐஸை உடைக்க உடைக்க
டாக்டர் அகாட்டா பேசிக்கொண்டிருந்தாள்.
இரத்தம் மொத்தமே ஐந்து லிட்டர்தானாம்.
ஓட வேண்டும், கொடு என்கிறது தசை.
சூட்டை வெளியே கொட்ட வேண்டும், எனக்கும் கொடு என்கிறது தோல்.
நடுவில் இதயம்,
இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒருத்தி.
புரிந்தது எனக்கு.
ஒரே நேரத்தில் இரண்டு படகு கரைசேரும்,
என்னிடம் இருப்பது ஒரே தள்ளுவண்டி.

வியர்வை என்ன செய்கிறது என்றேன்.
வழிந்தால் வீண், என்றாள்.
உலர்ந்தால்தான் கூலி.
இன்றைக்கு எதுவும் உலராது.

பேருந்து ஓட்டும் இம்மக்கொலாட்டா
ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்றாள்.
தொப்பிக்குள் ஒரு கைப்பிடி ஐஸ்,
மார்க்கச்சைக்குள் இன்னொரு கைப்பிடி.
மேட்டில் நடந்தாள், வெட்கமே இல்லாமல்.
வழக்கத்தைவிடப் பத்தொன்பது நிமிடம் தாமதமாக
மேயரைத் திட்டிக்கொண்டே முடித்தாள்.

நுன்சியோ முடிக்கவில்லை.
பதினெட்டாவது கிலோமீட்டரில்
எல்லோரும் இடப்பக்கம் திரும்ப
அவன் நேரே கடலைப் பார்த்துப் போனான்.
வழிமறித்த காவலரிடம்
ஏலம் ஆரம்பித்துவிட்டதா என்று
மரியாதையாகக் கேட்டான்.
உடம்பெல்லாம் வியர்வை,
கண்ணுக்குள் ஆளில்லை.

நாற்பத்தொன்று புள்ளி நான்கு.

பெரிய தொட்டி அங்கே என்னுடையது மட்டும்தான்,
சூரை வைக்கும் நீலத் தொட்டி.
கழுவியும் போகாத செதில்கள்
அவன் தோள்களில் ஒட்டின.
நான்கு பேர் பிடித்துக்கொள்ள
ஏழு பெட்டியைக் கவிழ்த்தேன்.
இருபது வருடமாக
செத்ததைக் கெடாமல் வைக்கத்தான்
இந்தக் கைகள் ஐஸ் அள்ளின.
அன்று வேறு மாதிரி நடுங்கின.

பதினோரு நிமிடம்.
முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது என்றதும்
வெளியே எடுத்தோம்.
பல் கிட்டித்தது. கண்ணுக்குள் ஆள் திரும்பியிருந்தான்.
முதல் கேள்வி:
என்ன நேரம்?
அகாட்டா சுவரைப் பார்த்தாள்.
பதினொன்றுக்கு ஐந்து, என்றாள்.
அவன் அதைக் கேட்கவில்லை.
அவளுக்கும் தெரியும்.

கொட்டிய தண்ணீர்
மாலைவரை கல்தரையில் காயாமல் கிடந்தது.

திங்கட்கிழமை அதே தொட்டியில் சூரை.
பாதி விற்று முடித்தபோது
அடியில் ஒட்டிய தாள் ஒன்று மேலே வந்தது,
மை கலையாமல்: 207.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒருத்தி
குனிந்து பார்த்தாள்.
கிலோவா, முழுமீனா? என்றாள்.
எதுவானாலும் அதிகம்.